எஞ்சின் அக்காவுக்கு, பாடி தம்பிக்கு

என் மாமனார் ஆறுக்குட்டியின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து, வந்த சனமெல்லாம் மேட்டுப்பாளையம் பஸ்ஸைப் பிடித்து இறங்கிப் போன பிறகுதான் வக்கீல் உயிலைப் பிரித்தார். குன்னூர் வீடு மகனுக்கு, அருவங்காட்டில் இருக்கும் சின்ன வீடும் ஷெட்டும் மகளுக்கு என்று எல்லாம் எதிர்பார்த்தபடியே போனது. கடைசிப் பத்திக்கு வந்ததும் வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, ஒரு தடவை மனசுக்குள் படித்துப் பார்த்துவிட்டு, அப்புறம் சத்தமாகப் படித்தார்.

"என் மோரிஸ் மைனர் காரின் பாடி, சக்கரம், சீட்டு, கண்ணாடி வகையறா என் மகன் கீர்த்திவாசனுக்கும், 1990-ஆம் வருஷம் என் மகள் கனகமணி தன் கையால் கழற்றிச் சரிசெய்து பூட்டிய எஞ்சினும் கியர்பாக்ஸும் மேற்படி கனகமணிக்கும் சேர வேண்டியது."

வக்கீல் தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார்.

"ஹாரன் யாருக்குன்னு எழுதலீங்க" என்றார்.

நான் ஸ்ரீமதி, கீர்த்திவாசனின் மனைவி. எனக்கு ஹாரன் முக்கியமில்லை. 'தன் கையால்' என்ற இரண்டு வார்த்தையில் நின்றுவிட்டேன். என் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் உத்தரத்தில் பல்லியைத் தேடிக்கொண்டிருந்தார்.

காரணம் இருக்கிறது. 1992-இல் என்னைப் பெண் பார்க்க வந்தபோது தரகர் அன்னூரில் என் அப்பாவிடம் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. "மாப்பிள்ளை இன்சூரன்சு ஆபீசுல கிளார்க்குங்க. ஆனா கையில இருக்கற வித்தையைப் பாருங்க. செத்துக் கெடந்த காரு எஞ்சினைத் தனியாளாக் கழட்டி மாட்டி ஓட்டுனவரு." என் அப்பாவுக்கு சைக்கிள் செயினைப் பார்த்தாலே பயம். அவர் அங்கேயே விழுந்துவிட்டார். கல்யாணமாகி முதல் வாரம் சமையலறைக் குழாய் சொட்டியது. என் வீட்டுக்காரர் அதை அரைமணி நேரம் உற்றுப் பார்த்துவிட்டுக் கீழே ஒரு வாளியை வைத்தார். எஞ்சினைத் தொட்ட கைக்குக் குழாயெல்லாம் அற்பமாக இருக்கும் போலிருக்கிறது என்று நானும் மரியாதையாக இருந்துவிட்டேன். முப்பத்திரண்டு வருஷம் அப்படியே இருந்தேன்.

அன்று சாயங்காலம் கேட்டேன்.

"ஏனுங்க, எஞ்சினைக் கழட்டுனது ஆரு?"

"எல்லாருஞ் சேர்ந்துதான்."

"எல்லாரும்னா?"

"அக்கா ஸ்பேனர் புடிச்சா."

"நீங்க?"

"டார்ச்சு" என்றார்.

நங்கையா என்று நான் கூப்பிடும் என் கணவனின் அக்கா கனகமணிக்கு இப்போது அறுபத்தொன்று. ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்த அந்தக் காலத்து ஒரே பெண். குன்னூர்ப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் ரோலரையும் டிரையரையும் பழுதுபார்த்தே முப்பத்துநான்கு வருஷம் ஓட்டியவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏனென்று கேட்டால் "லீவு கெடைக்கல" என்பார். 1990-இல் அந்தக் கார் குன்னூர் வீட்டு ஷெட்டில் அசையாமல் கிடந்தபோது பதினொரு மாதம், ஞாயிறுதோறும் வந்து எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இறக்கி, ஒவ்வொன்றாகப் பிரித்து, தேய்ந்ததை மாற்றி, மறுபடி ஏற்றியிருக்கிறார். பொம்பளைப் பிள்ளை எண்ணெயும் கரியுமாக வண்டிக்கடியில் படுத்திருப்பதை ஊருக்குச் சொல்ல என் மாமனாருக்குக் கூச்சம். வந்தவர் போனவரிடமெல்லாம் "பையன் பண்ணுனான்" என்றுவிட்டார். பையனும் மறுக்கவில்லை. கொஞ்ச நாளில் பையனுக்கே அது ஞாபகமாகிவிட்டது.

உயில் படித்த அன்றைக்கு நங்கையா எஞ்சினைக் கேட்கவேயில்லை. "அது அங்கயே கெடக்கட்டும் அம்மிணி. அய்யன் எழுதிட்டாரு. அது போதும்" என்றார். அந்தப் பக்கத்தை மட்டும் ஜெராக்ஸ் எடுத்து, லேமினேஷன் போட்டு, அருவங்காட்டு ஷெட்டில் ஸ்பேனர் பலகைக்குப் பக்கத்தில் ஆணியடித்து மாட்டினார். அத்தோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம்.

என் வீட்டுக்காரர் முடியவிடவில்லை.

குன்னூரில் பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சங்கம் உண்டு. இருபது பேர், இருபது தொப்பி. மாதம் ஒருமுறை கூடி, தங்கள் கார் எந்தத் துரையிடமிருந்து வந்தது என்று சொல்லிக்கொள்வார்கள். அந்தக் கதைகளைக் கூட்டிப் பார்த்தால் இந்த மலையில் இருந்த துரைகள் காரைத் தானம் செய்வதைத் தவிர வேறு வேலையே பார்க்கவில்லை என்று தெரியும். வருஷம் ஒரு தடவை மைதானத்தில் கண்காட்சி, பரிசு எல்லாம் நடக்கும். இந்த வருஷம் அதற்கு ஒரு மலர் அச்சடித்தார்கள். ஏழாம் பக்கத்தில் என் வீட்டுக்காரர் காருக்கு முன்னால் ஸ்பேனரோடு நிற்கும் படம். கீழே, 'தனியொரு மனிதராக இந்த எஞ்சினுக்கு உயிர் கொடுத்த திரு. கீர்த்திவாசன்.' உயில் படித்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. எழுதிக் கொடுத்தது அவரேதான்.

மலர் வெளிவந்த மூன்றாம் நாள் நங்கையா போன் செய்தார்.

"அம்மிணி, ஞாயித்துக்கெழம வாறன். சோறு எச்சா ஆக்கிரு. ரெண்டு பேரு."

"விசேசமுங்களா நங்கையா?"

"என்ற எஞ்சினை எடுத்துட்டுப் போவோணும்."

ஞாயிறு காலை எட்டு மணிக்கு நங்கையாவை ஏற்றிக்கொண்டு ஒரு பிக்கப் வந்து நின்றது. ஓட்டி வந்தது சுடலைமுத்து. மற்ற நாளில் அதில் பச்சைத் தேயிலை மூட்டை ஏற்றுகிறவர். அன்று மூன்று இரும்புக் குழாய்களும் ஒரு செயின் பிளாக்கும் ஏற்றி வந்திருந்தார். குழாய்களை மேலே சேர்த்துக் கட்டி முக்காலி மாதிரி நிறுத்தி, நடுவில் செயின் பிளாக்கைத் தொங்கவிட்டால், ஒரு கையால் சங்கிலியை இழுத்தே எஞ்சினைத் தூக்கிவிடலாம். அவர் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, "இம்புட்டுதானா? எங்க லாரி டைனமோ இதவிடப் பெருசால்ல இருக்கும்" என்றார்.

காருக்குள் இருந்து பதில் வந்தது. "தொட்டுப் பாரு."

என் வீட்டுக்காரர் ஏழரை மணிக்கே போய் டிரைவர் சீட்டில் உட்கார்ந்துவிட்டார். கையில் பேப்பர், காதைச் சுற்றி மஃப்ளர். "எஞ்சின் அவளுதா இருக்கலாம். பாடி என்ற பாடி. என்ற பாடிக்குள்ள நான் உக்காந்திருக்கறன். ஆரு கேக்கறது?"

"உக்காரு. ஆரு வேண்டாங்கறா?" என்று சொல்லிவிட்டு நங்கையா புடவை முந்தானையை இடுப்பில் செருகி, மேலே பழைய ஃபேக்டரிக் கோட்டைப் போட்டுக்கொண்டார்.

முதலில் பானெட் கழன்றது. ஒரு பக்கம் சுடலைமுத்து, இன்னொரு பக்கம் பிடிக்க ஆள் வேண்டும். நான் பிடித்தேன். கண்ணாடி வழியாக என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார்.

"உனக்கென்ன அங்க வேல?"

"பானெட்டு உங்குளுதுதானுங்? கீழ போட்டா நசுங்கிருமுங்க."

அவர் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். எனக்கு உள்ளூர ஒரே குஷி. எங்கள் ஷெட்டில் நான் முதல்முறையாக ஒரு உபயோகமான வேலை செய்கிறேன்.

ரேடியேட்டர் தண்ணீரையும் எஞ்சின் ஆயிலையும் கியர் ஆயிலையும் தனித்தனி டின்னில் வடித்தார் நங்கையா. ஆயில் இருக்கும்போதே சாய்த்தால் கியர்பாக்ஸின் வால் பக்கமாக ஊற்றிவிடுமாம். பேட்டரி வயர், காயில் வயர், ஆக்சிலேட்டர் கேபிள், சைலன்சர் குழாய் என்று ஒவ்வொன்றாக விடுவித்தார். விடுவித்த ஒவ்வொரு வயரிலும் மருந்து பிளாஸ்திரி ஒட்டி, பேனாவால் பெயர் எழுதினார். திரும்ப மாட்டப் போவதில்லை என்றால் எதற்கு எழுதுகிறார் என்று எனக்குத் தோன்றியது.

அப்புறம் காருக்குள் வேலை. கியர்பாக்ஸின் மேல்மூடி டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் தரையில் இருக்கிறது. நங்கையா கதவைத் திறந்து குனிந்தார்.

"கீர்த்தி, காலைத் தூக்கு."

என் வீட்டுக்காரர் காலைத் தூக்கினார். இரண்டு காலையும். அக்கா சொன்னால் தூக்குவது ஐம்பத்தொன்பது வருஷப் பழக்கம், போராட்டம் அதற்கப்புறம்தான் ஞாபகம் வரும். அவர் அப்படியே காலைத் தொங்கவிட்டுக்கொண்டு பேப்பர் படிக்க, அவருக்குக் கீழே மிதியடி போனது, திருகாணிகள் போயின, தரைத் தகடு போனது. ஓட்டை வழியாக ஷெட்டின் சிமெண்டுத் தரை தெரிந்தது.

"கியர் ராடுல இருந்து கையை எடு."

"எடுக்க மாட்டேன். உயில்ல கியர் ராடுன்னு இல்ல."

நங்கையா ராடின் அடியில் இருந்த போல்ட்டுகளைக் கழற்றிவிட்டு ஒதுங்கினார். ராடு முழுசாக என் வீட்டுக்காரர் கையோடு வந்துவிட்டது. அதைச் செங்கோல் மாதிரி பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இப்போது அது யாருக்கு என்று பிரச்சினை. நங்கையா சுடலைமுத்துவைப் பார்த்தார்.

சுடலைமுத்து பீடியை அணைத்துவிட்டு யோசித்தார். "ராடோட கீழ்முனை கியர்பாக்ஸுக்குள்ளதான கெடக்கு? அப்ப அது அம்மாவுக்கு. மேல இருக்க குமிழை மனுசன் கையால புடிக்காரு. அது சாருக்கு."

என் வீட்டுக்காரர் குமிழைத் திருகிக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ராடை வெளியே நீட்டினார்.

பின்சக்கரத்துக்குப் போகும் நீண்ட தண்டையும் இறக்கியாயிற்று. எல்லா போல்ட்டும் வந்தாயிற்று என்று நங்கையா சொன்னதும் சுடலைமுத்து செயின் பிளாக்கை இழுத்தார். சங்கிலி இறுகியது. எஞ்சின் வரவில்லை. இன்னும் இழுத்தார். எஞ்சினோடு சேர்ந்து கார், காரோடு சேர்ந்து என் வீட்டுக்காரர், எல்லாமே இரண்டு அங்குலம் மேலே போனது.

"எறக்குங்க! எறக்குங்க! பாடி!" என்று உள்ளிருந்து சத்தம்.

எங்கோ ஒரு போல்ட் மிச்சம் இருக்கிறது. நங்கையா சாக்கை விரித்து அடியில் படுத்தார். தேடினார், தடவினார், திட்டினார். இருபது நிமிஷம் ஆயிற்று. மார்கழிக் குளிர், சிமெண்டுத் தரை, வயசு. வெளியே வந்து உட்கார்ந்து விரல்களை மடக்கி மடக்கி நீட்டினார். அவை முழுசாக நீளவில்லை. அந்தக் கையைப் பார்த்துவிட்டு நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பேப்பருக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஸ்டார்ட்டருக்குப் பின்னால ஒண்ணு இருக்கும்."

"அதைக் கழட்டியாச்சு."

"அதுக்கு மேல இன்னொண்ணு. நட்டு எங்கயோ உருண்டு போயிருச்சுன்னு சைஸு மாத்திப் போட்டயே. தலைகீழா வேற போட்ட. மேல இருந்து ஸ்பேனர் போவாது. அன்னைக்கு அரைமணி நேரம் அய்யனைத் திட்டுன."

நங்கையா ஸ்பேனரைக் கையில் எடுத்தார். அப்புறம், "டார்ச்சை எடுத்துட்டு வா" என்றார்.

என் வீட்டுக்காரர் பேப்பரை மடித்து சீட்டில் வைத்தார். மஃப்ளரை அவிழ்த்தார். இறங்கி வந்து, வீட்டுக்குள் போய் டார்ச் எடுத்து வந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அக்காவுக்குப் பக்கத்தில் காருக்கடியில் நுழைந்தார். வெளியே நான்கு கால்கள் மட்டும் தெரிந்தன. அடியிலிருந்து பேச்சு வந்தது.

"இக்கட்டால, என்ற பக்கமாப் புடி. மூஞ்சில அடிக்காத."

"புடிச்சுட்டுத்தான இருக்கறன்."

"ஆட்டாத. அன்னைக்கும் இப்படித்தான் ஆட்டுன."

"அன்னைக்குக் குளுருக்கா."

"இன்னைக்கு மட்டும் வெயிலா அடிக்குது?"

ஸ்பேனர் ஒருமுறை வழுக்கியது. ஒரு கெட்ட வார்த்தை வந்தது, யாருடையது என்று தெரியவில்லை. பிறகு 'கிர்ர்' என்று ஒரு சத்தம். துரு பிடித்த போல்ட் ஒன்று உருண்டு வெளியே வந்து என் காலடியில் நின்றது.

என் வீட்டுக்காரர் எழுந்து, முதுகைத் தட்டிக்கொண்டு, நேராகப் போய் மறுபடி டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். போராட்டத்தை அவர் வாபஸ் வாங்கவில்லை, இடைவேளை மட்டும் விட்டிருந்தார்.

சுடலைமுத்து சங்கிலியை இழுத்தார். எஞ்சின் முனகிக்கொண்டு தலையைத் தூக்கியது. நங்கையா கியர்பாக்ஸின் வாலில் பாலித்தீன் பையைக் கட்டி, கீழே கை கொடுத்து நெம்பி, சாய்த்துச் சாய்த்து முன்னால் கொண்டுவந்தார். அந்த எடை கழியக் கழிய, கார் தன் மூக்கை மெல்ல மெல்ல மேலே தூக்கியது. முன்பக்க ஸ்பிரிங்குகள் எழுபது வருஷம் தாங்கியது போதும் என்று நிமிர்ந்துகொண்டன. கூடவே என் வீட்டுக்காரரின் முகமும் கண்ணாடிக்குள் மேலே போனது. ராட்டினத்தில் ஏறிய ஆள் மாதிரி ஸ்டியரிங்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, "பெயிண்ட்டு, பெயிண்ட்டு, எடதுபக்க லைட்டு" என்று கத்திக்கொண்டே உயர்ந்தார். நான் சிரித்துவிட்டேன். நங்கையாவும் சிரித்தார். சிரித்ததில் பிடி நழுவி எஞ்சின் ஒரு ஆட்டம் ஆடியது, லைட்டுக்கு ஒரு விரற்கடை தள்ளிப் போனது.

பிக்கப்பில் பழைய டயரைப் போட்டு எஞ்சினை அதன்மேல் இறக்கினார்கள். நான்கு பேரும் கை கழுவிவிட்டு வந்து சாப்பிட்டோம். கொள்ளுப் பருப்பு, ரசம், பீன்ஸ் பொரியல். என் வீட்டுக்காரர் ரசம் மட்டும் இரண்டாவது தடவை கேட்டு வாங்கினார். கிளம்பும்போது நங்கையா என்னிடம் மட்டும், "வாறன் அம்மிணி" என்றார்.

கண்காட்சிக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது. பேரைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள் என்று நான் சொல்லிப் பார்த்தேன்.

"சங்கத்துல என்னன்னு சொல்றது?"

"உண்மையைத்தான்."

"அது முடியாது" என்றார், அப்படி ஒரு வழி இருப்பதாகவே தெரியாதவர் மாதிரி.

சங்கத்தின் விதி, கார்களை லாரியில் ஏற்றி வரக்கூடாது, ஓட்டித்தான் வர வேண்டும் என்பது. அந்தத் தாளை எடுத்துப் பத்துத் தடவை படித்தார். "ஓட்டறதுன்னா ஸ்டியரிங் புடிக்கறது. எஞ்சின் ஓடோணும்னு எங்க போட்டிருக்குது?" எங்கள் வீடு மேலே. மைதானம் ஒன்றரை கிலோமீட்டர் கீழே. பிரேக் பாடியைச் சேர்ந்தது, நன்றாகவே இருந்தது. முன்பக்கம் மட்டும் எடையில்லாமல் ஸ்டியரிங் மிதந்தது. அதற்குப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து இரண்டு மூட்டை உருளைக்கிழங்கு வாங்கி, எஞ்சின் இருந்த குழியில் பலகை போட்டு வைத்து, பானெட்டை மூடினார். மூக்கு கொஞ்சம் இறங்கியது.

"நீயும் வரோணும். தனியாப் போனா நல்லாருக்காது."

நான் ஏன் ஒப்புக்கொண்டேன் என்று எனக்கே தெரியாது. பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தேன்.

கைப்பிரேக்கை விட்டதும் கார் நகர்ந்தது. சத்தமே இல்லை. முப்பத்திரண்டு வருஷத்தில் அந்தக் காரில் நாங்கள் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்டது அன்றுதான். முதல் வளைவு வரை நன்றாக இருந்தது. இரண்டாவது சரிவில் வேகம் பிடித்தது. பேட்டரி வயர் கழற்றியே கிடந்ததால் ஹாரன் இல்லை. என் வீட்டுக்காரர் தலையை வெளியே நீட்டி "ஹோய்! ஹோய்!" என்று கத்த, என் பக்கம் நான் கத்தினேன். ஒரு ஆட்டோ ஒதுங்கியது. டீக்கடையில் நின்ற ஒருவர், "எலக்ட்ரிக் வண்டிங்களா? சத்தமே வரலியே!" என்று கேட்டுக்கொண்டே கூட ஓடி வந்தார்.

"ஆமாங்!" என்றார் என் வீட்டுக்காரர்.

வேகத்தடையில் உருளைக்கிழங்கு குதித்து பானெட்டுக்குள் தடதடவென்றது. அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் எஞ்சின் ஓடுவதாக எதிரில் வந்தவர்கள் நம்பியிருக்க வேண்டும். பயத்தில் நான் முருகனைக் கூப்பிட்டேனா, சிரித்தேனா என்று ஞாபகமில்லை, இரண்டும் செய்திருப்பேன்.

மைதான வாசலுக்கு நூறு அடி இருக்கும்போது ஒரு மேடு. இத்தனை வருஷம் அந்த வழியாகப் போயிருக்கிறோம், அங்கே மேடு இருப்பதே எங்களுக்குத் தெரியாது. கார் ஏறப் பார்த்தது, முடியவில்லை, நின்றது, பின்னால் உருள ஆரம்பித்தது. கைப்பிரேக்கை இழுத்துவிட்டு இருவரும் உட்கார்ந்திருந்தோம். வாசலில் தொப்பிகள் எல்லாம் எங்களையே பார்த்தன.

பின்னால் ஒரு பிக்கப் வந்து நின்றது. சுடலைமுத்து இறங்கினார். அடுத்த கதவைத் திறந்து நங்கையா இறங்கினார். பிக்கப்பின் பின்பக்கம், இரும்புச் சட்டத்தில் நிறுத்தி, துடைத்துப் பளபளவென்று எங்கள் எஞ்சின்! அவரும் கண்காட்சிக்குத் தனியாகப் பேர் கொடுத்திருக்கிறார். நங்கையா காரின் பின்னால் வந்து கை வைத்தார். சுடலைமுத்து இன்னொரு பக்கம், பட்டுப்புடவையோடு நான் நடுவில். மூன்று பேரும் தள்ளினோம். என் வீட்டுக்காரர் நேராகப் பார்த்துக்கொண்டு, எல்லாம் தானே நடப்பது மாதிரி ஸ்டியரிங் பிடித்து உள்ளே போனார்.

நடுவர்கள் மூன்று பேர். எங்கள் காருக்கு வந்து சுற்றிப் பார்த்து, "பெயிண்ட் ஒரிஜினலா?" என்று தடவி, பானெட்டைத் திறக்கச் சொன்னார்கள். என் வீட்டுக்காரர் திறந்தார். பெரிய நடுவர் குனிந்து பார்த்தார். ஒரு உருளைக்கிழங்கைக் கையில் எடுத்தார். தொப்பிகள் எல்லாம் சிரித்தன. என் வீட்டுக்காரர் காது மட்டும் சிவந்தது. மூட்டையைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டார். அப்போது எனக்கு அவர்மேல் கோபம் ஒன்றும் இல்லை, கூட்டத்தின் மேல்தான் இருந்தது.

அந்த நேரத்தில்தான் பத்தடி தள்ளி அந்த எஞ்சின் உறுமியது. நங்கையா ஸ்டார்ட் செய்திருந்தார். சின்ன எஞ்சின்தான், ஆனால் சீரான சத்தம். அதன் மேல் சுடலைமுத்து ஒரு டம்ளர் டீயை வைத்தார், தளும்பவில்லை. கூட்டம் அப்படியே அந்தப் பக்கம் திரும்பியது. நடுவர்களும் போனார்கள். பெரிய நடுவர் காதை வைத்துக் கேட்டார், தலையை ஆட்டினார். அப்புறம் நங்கையாவிடம் குனிந்து, ரொம்ப மரியாதையாகக் கேட்டார்.

"பிரமாதமுங்க. உங்க ஊட்டுக்காரரு பண்ணுனதுங்களா?"

நங்கையா வாயைத் திறக்குமுன் உருளைக்கிழங்குப் பக்கமிருந்து என் வீட்டுக்காரர் பாய்ந்து வந்தார். அவரை அவ்வளவு கோபமாக நான் பார்த்ததில்லை.

"ஏனுங், கண்ணு தெரியலீங்களா? அவிய கையைப் பாருங்க! எங்கக்கா பண்ணுனதுங்க அது. பதினொரு மாசம் படுத்துக் கெடந்து பண்ணுனது. ஊட்டுக்காரராம்! நாந்தான் டார்ச்சு புடிச்சேன், எனக்குத் தெரியாதுங்களா?"

நடுவர் கையில் இருந்த மலரைப் பிரித்து ஏழாம் பக்கத்தைக் காட்டினார். "இதுல நீங்கதான்னு..."

"அது தப்பா அச்சாயிருச்சுங்" என்றார் என் வீட்டுக்காரர்.

ஒரே நாளில் யாராலும் முழு யோக்கியன் ஆகிவிட முடியாது. நங்கையா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். எஞ்சினை அணைத்தார். கோட்டுப் பையிலிருந்து கைக்குட்டை எடுத்து மூக்கைச் சிந்தினார். புகைதான் என்று என்னிடம் சொன்னார்.

முதல் பரிசு அக்காவுக்கும் இல்லை, தம்பிக்கும் இல்லை. கோயம்புத்தூரிலிருந்து வந்த வசந்த்குமார் என்ற மில்காரருடைய பெரிய நீலக் காருக்குப் போனது. இரண்டு பேர் வெள்ளைக் கையுறை போட்டு அதைத் துடைத்துக்கொண்டே இருந்தார்கள். அதை லாரியில் பஸ் ஸ்டாண்டு வரை கொண்டுவந்து, அங்கே இறக்கி, கால் கிலோமீட்டர் ஓட்டி வந்ததாக சுடலைமுத்து விசாரித்துக்கொண்டு வந்தார்.

அக்காவும் தம்பியும் பிக்கப்பின் பின்கதவில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வறுத்த கடலை தின்றார்கள். உயில் படித்த நாளிலிருந்து அன்றுதான் முறையாகப் பேசினார்கள்.

"அதோட கார்புரேட்டரைப் பார்த்தயா?"

"பார்த்தன். புதுசு. ஜீப்புல இருந்து எடுத்தது."

"சீட்டு ரெக்சின்கூட இப்பத்தது."

"பெரிய நடுவர் அந்தாளுக்குச் சம்பந்தியாம், சுடலை சொன்னான்."

"அப்படியா? அதுதான பார்த்தேன்!"

ஒரு மணி நேரம் அந்த நீலக் காரை ஆணி ஆணியாகக் கழற்றிப் போட்டார்கள். அவ்வளவு ஒற்றுமையாக அவர்கள் எதையும் செய்து நான் பார்த்ததில்லை.

வெயில் இறங்கியதும் கிளம்பினோம். வீட்டுக்குப் போகிற வழி முழுக்க மேடு. சுடலைமுத்து பிக்கப்பின் பின்னால் கயிறு கட்டி எங்கள் காரைப் பூட்டினார். கட்டி இழுக்கும்போது ஸ்டியரிங்கைத் தம்பியிடம் விட முடியாது என்று நங்கையா சொல்லிவிட்டார். அவரே காரில் ஏறி உட்கார்ந்தார். என் வீட்டுக்காரர் பிக்கப்பின் பின்னால் ஏறி, ஆடாமல் இருக்க எஞ்சினைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். நான் முன்னால் சுடலைமுத்துவுக்குப் பக்கத்தில்.

முதல் வளைவிலேயே பின்னால் சத்தம் ஆரம்பித்தது.

"கயிறு தொங்குது பாரு, பிரேக்கைப் புடி!"

"நீ எஞ்சினைப் புடி, போதும்!"

"எடது பக்கம் ஒடிக்காத, பெயிண்ட்டு போயிரும்!"

"போனா போவுது. உன்ற பாடி, நீ அடிச்சுக்க!"

சுடலைமுத்து கண்ணாடியில் பார்த்துவிட்டு, "மேல போறதுக்குள்ள வண்டிய நிப்பாட்டச் சொல்லுவாங்களாம்மா?" என்று கேட்டார். நிறுத்தாதே, ஓட்டு என்றேன்.